சர்வீஸ் லிஃப்ட்

பழத்தைக் கழுவியிருப்பார்கள். அதில் பொன்னுரங்கத்துக்குச் சந்தேகமில்லை. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, உப்புப் போட்டு, காம்போடு ஊறவைத்து, அதற்கென்றே வைத்திருக்கிற துணியால் துடைத்திருப்பார்கள். அவரே சமையலறையில் போய் நின்று சொல்லிக்கொடுத்த முறைதான் அது. நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்துத் தலை நரைத்த ஒரு மனிதர் குடியிருக்கிற முதியோர் இல்லத்தில் சமையல்காரன் அந்த மட்டுக்காவது பயப்படுவான். ஆனால் லிஃப்ட்டைக் கழுவினார்களா? அதுதான் தெரியவில்லை. அவர் முன்னால் தட்டில் மாம்பழத் துண்டுகள் தோலோடு கிடந்தன. சாறு கசிந்து விளிம்பில் தேங்கியிருந்தது. நடுவில் ஒரு காகிதக் குடையைக் குத்தி வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் சுவர் நெடுக ‘நிழற்சோலையில் கத்திரித் திருவிழா’ என்று தெர்மாகோலில் எழுத்து வெட்டி ஒட்டியிருந்தது. வெளியே, கோயம்புத்தூரைத் தாண்டிய அந்தக் காய்ந்த மேட்டில், வெயில் கார்களின் கூரையில் நின்று கொதித்தது. உள்ளே ஏசியின் குளிரில் அத்தனை கிழங்களும் பனையோலைத் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் தலையிலும் ஒன்றைக் கவிழ்த்தார்கள். எடுத்து மேசையில் வைத்துவிட்டார். போன வருஷத் தொப்பிதான், உள்விளிம்பில் யாருடைய தலை எண்ணெயோ கருப்பாகப் படிந்திருந்தது. எல்லோருக்கும் சாவு வரப்போகிற வயசில் எதற்குத் தொப்பி என்று நினைத்தார். நினைத்ததும் மறுபடி லிஃப்ட் வந்துவிட்டது.

காலையில் அவர் எப்போதும் போலப் பின்பக்கப் படியில் இறங்கினார். முன்பக்கம் போனால் நடைக்கு வருகிற கூட்டம் ‘குட் மார்னிங்’ சொல்லும், பல் விளக்காத வாயோடு சிரிக்கும். பின்பக்கத்தில் சர்வீஸ் லிஃப்ட், துடைப்பங்கள், காலி எண்ணெய் டின்கள், அவ்வளவுதான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை லிஃப்ட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பச்சைத் துணி முகம் வரைக்கும் போர்த்தியிருந்தது. நீளம் போதாமல் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அதில் பழுப்புக் காலுறை. இந்த ஊர் வெயிலிலும் காலுறை போடுகிற ஒரே ஆள், சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே உட்காருகிற லோகநாயகி. ஏசி காலில் ஏறுகிறது என்பார். பொன்னுரங்கம் படியிலேயே நின்றார். தள்ளியவர்களில் ஒருவன், “சார், நீங்க போங்க சார்,” என்றான், ஏதோ அவர் வழியை மறித்துக்கொண்டிருப்பது போல. கதவு மூடியது. அவர் போகவில்லை. ஏன் நின்றோம் என்று இப்போது யோசித்துப் பார்த்தால் தெரியவில்லை. கைப்பிடிக் கம்பி பிசுபிசுவென்று இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் மேலே வந்தது. முதல் மாடியில் கதவு திறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தார். வைக்கோல் பரப்பிய மாம்பழக் கூடைகளை ஒருவன் உள்ளேயிருந்து காலாலேயே தள்ளிச் சமையலறைப் பக்கம் இறக்கினான். அதே லிஃப்ட், அதே தரை, நடுவில் யாரும் ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அல்லது கீழே ஊற்றியிருப்பார்களோ. கீழே ஊற்றியிருந்தால் தரை ஈரமாக இருந்திருக்கும். கூடையின் அடியில் ஈரம் இருந்ததா? வைக்கோல் காய்ந்துதான் இருந்தது. காய்ந்த வைக்கோல்.

“தாத்தாஸ், பாட்டீஸ், எல்லாரும் ரெடியா?” என்று நிவேதா மைக்கில் கேட்டாள். வாரம் ஒரு விளையாட்டு நடத்துவதற்கென்று சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற பெண். மஞ்சள் சுடிதார், மஞ்சள் வளையல். கேட்கிறபோதே கழுத்தைச் சாய்த்துக்கொள்வாள், பாலர் பள்ளியில் கேட்பது போல. கிழங்களும் பாலர் பள்ளி மாதிரியே ‘ரெடி’ என்று இழுத்தார்கள். வினாடி வினாவில் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். பொன்னுரங்கத்துக்கு ஜோடி லோகநாயகி. அவரைக் கேட்காமலே லோகநாயகி பெயர் கொடுத்துவிட்டார், அணிக்குக் ‘கத்திரிக்காய்’ என்று பெயரும் வைத்துவிட்டார். காகிதத்தில் அந்தப் பெயரை எழுதி மேசையில் கூடாரம் போல மடித்து வைத்திருந்தார்கள். நாற்காலியில் மட்டும் வேறு ஆள், பொள்ளாச்சிப் பக்கத்துப் பரமானந்தம், கயிற்று மில் வைத்திருந்தவர். பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் பழத்தை ஈறாலேயே சப்பிக்கொண்டிருந்தார். முதலிலேயே நிவேதா சொல்லிவிட்டாள், “லோகநாயகி மேடம் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்க, அதனால பரமானந்தம் தாத்தா இன்னைக்குக் கத்திரிக்காய்க்கு வந்திருக்காங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். பொண்ணு பெல்ஜியத்தில் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு ரசம் சாதம் சாப்பிட்ட பொம்பளை விடிவதற்குள் பெல்ஜியம் போய்விட்டாள் என்று ஒரு பெண் மஞ்சள் வளையலை ஆட்டிக்கொண்டு சொல்கிறது. தொப்பி போட்ட தலைகள் ஆடுகின்றன. சரி, ஆடட்டும். அவருக்கு என்ன. லிஃப்ட்டைக் கழுவினார்களா என்று மட்டும் யாராவது சொன்னால் போதும்.

முதல் கேள்வி, கத்திரியில் சூரியன் எந்த நட்சத்திரத்தைத் தாண்டிப் போகிறது. ஒரு மூலையிலிருந்து கார்த்திகை என்று சத்தம் வந்தது, கைதட்டல், ஒரு சோப்பு டப்பா பரிசு. லோகநாயகி இருந்தால் கேள்வி முடிவதற்குள் சொல்லியிருப்பார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த வாய், எதையும் பாதியில் பிடித்து இணைப்புக் கொடுத்துவிடும். மதுரையில் எண் கேட்டே காது தேய்ந்துபோச்சு சார் என்பார். ஒன்றரை வருஷம் ஒரே மேசை. எதிரும் புதிருமாக உட்கார்ந்து அந்த வாயைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டியிருந்தது. ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சுவார். அப்பளத்தை நொறுக்கும்போது துகள் இவர் தட்டு வரைக்கும் தெறிக்கும். பேசும்போது மேலுதட்டில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கும், அது எப்போது விழும் என்று இவர் கண் அதிலேயே நிற்கும், என்ன பேசினார் என்று காதில் ஏறாது. தலை போன கரப்பான்பூச்சி எத்தனை நாள் உயிரோடு இருக்கும் சொல்லுங்க சார் என்று ஒரு நாள் கூட்டுப் பரிமாறும்போது கேட்டார். இவர், ஒரு வாரம் வரைக்கும் இருக்கும், தண்ணீர் இல்லாமல்தான் சாகும் என்று சொன்னார். உங்களுக்குத் தெரியாததே இல்லையா சார் என்று லோகநாயகி வாய் திறந்து சிரித்தார். உள்ளே மென்ற முட்டைக்கோஸ் தெரிந்தது. அருவருப்பு என்றால் அதுதான் அருவருப்பு. எத்தனையோ ஓட்டல்களில் மாவாட்டுகிற இடத்தில் எலிப் புழுக்கை பார்த்தவர், ஐஸ் கம்பெனியில் செத்த பல்லி பார்த்தவர், அவருக்கே அன்று மோர் இறங்கவில்லை. வேறு மேசை தரட்டுமா சார் என்று மேனேஜர் ஜெயசீலன் இரண்டு தடவை கேட்டான். வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்றோம். ஜன்னல் ஓரம் என்பதால் இருக்கும். அந்த மேசையில்தான் காற்று வரும். ஏசி போட்ட கூடத்தில் என்ன காற்று. சரி, ஏதோ.

ஸ்ட்ரெச்சரின் சக்கரம் தரையில் உருண்டிருக்கும். அந்தச் சக்கரம் உருண்ட கோட்டின் மேல் கூடையின் அடி. கூடையின் பிரம்பு இடுக்கு வழியாகப் பழம். இல்லை, பழத்தைக் கழுவியிருப்பார்கள். ஆனால் கூடையைத் தூக்கிய கை? அந்தக் கைதான் தட்டை எடுத்து வைத்தது. அவனுக்கு எந்தத் துணியில் கை துடைக்கிறோம் என்றே தெரியாது. சாகும்போது உடம்பு எல்லாவற்றையும் விட்டுவிடும், மூத்திரம் உட்பட. அது தெரியாதவரா அவர். காலரா வந்த வருஷம் வீடு வீடாகப் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனவர். மூக்கில் துணி கட்டாமல் போவார். அன்றைக்கெல்லாம் அருவருப்பு ஒரு வேலை, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பிடலாம். இப்போது வீடு இல்லை, வேலை இல்லை, அருவருப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது. தன் காலை நினைத்தார். பச்சைத் துணி எல்லோருக்கும் ஒரே நீளம்தான், அவருக்கும் ஒரு கால் வெளியே நிற்கும். எந்தக் கால்? இரண்டிலும் நகம் தடித்து மஞ்சளாகிக் கொம்பு மாதிரி வளைந்திருக்கிறது. குனிய முடிவதில்லை, வெட்டச் சொல்ல வெட்கம். அந்த நகத்தைப் படியில் நிற்கிற எவனோ பார்ப்பான். முகம் சுளிப்பான். அப்புறம் அதே லிஃப்ட்டில் பழக்கூடைகள் ஏறும். பலாவாகவும் இருக்கலாம், சாவு எந்த மாசத்தில் வருகிறதோ. எழுந்து போய் வாந்தி எடுக்கலாமா என்று பார்த்தார். கழிப்பறை வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். அங்கே கைப்பிடி ஈரமாக இருக்கும்.

“அடுத்த கேள்வி கத்திரிக்காய்க்கு,” என்றாள் நிவேதா. “சித்ரா பௌர்ணமி அன்னைக்கு யாரைக் கும்பிடுவோம்?” பரமானந்தம் கொட்டையை வாயிலிருந்து எடுக்காமலே, “சித்திரகுப்தன்,” என்றார். சாறு முழங்கை வழியாக மேசைவிரிப்பில் சொட்டியது. “சூப்பர் தாத்தா. போனஸ் கேள்வி, அவருக்கு என்ன வேலை?” கேட்ட பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு உறைத்தது போல, மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். மூலையில் ஒரு கரண்டி தட்டில் இடித்தது. எல்லோரும் தத்தம் மாம்பழத்தையே பார்த்தார்கள். ஜெயசீலன் சுவரோரம் நின்றுகொண்டு நிவேதாவிடம் கையைச் சுழற்றிக் காட்டினான், நகர்த்து, நகர்த்து. “ஓகே, அது ரொம்ப ஈஸி, விட்டுடலாம்,” என்று சொல்லி அவள் அடுத்த அணியான ‘தர்ப்பூசணி’க்குப் போனாள். அந்த ஒரு நிமிஷத்து அமைதி பொன்னுரங்கத்தின் மேல் ஈரத்துணி போல விழுந்தது. யாரும் சிரிக்கவில்லையே. பதில் சொல்லக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே. ஏன் யாரும் சொல்லவில்லை.

அவர் பரமானந்தத்தின் பக்கம் திரும்பினார். இத்தனை மாசத்தில் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. “லோகநாயகி பொண்ணு வீட்டுக்குப் போகல,” என்றார். குரல் அவர் நினைத்ததைவிட மெல்லியதாக வந்தது. பரமானந்தம் கொட்டையைத் தட்டில் வைத்தார். நார் நாராகச் சப்பி வெளுத்துப்போயிருந்தது.

“தெரியுமுங்க.”

“தெரியுமா?”

“எனக்குப் பக்கத்து ரூமுங்களே. விடிகாலையில சத்தம் கேட்டுது. பெல் அடிச்சதே நாந்தான். எல்லார்த்துக்கும் தெரியும். கீழ எக்சர்சைஸ் ரூம்ல ஏசி போட்டு வச்சிருக்காங்க. ஒரு மணிக்கு வண்டி வருமாமுங்க. பொண்ணு வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரியில வைக்கோணுமாம்.”

“தெரிஞ்சா இப்படி உட்கார்ந்து…” என்று அவர் ஆரம்பித்தார். எப்படி உட்கார்ந்து என்று சொல்லாமல் பரமானந்தத்தின் விரல்களைப் பார்த்தார். ஐந்தும் மஞ்சள். பரமானந்தம் கோபப்படவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, ஏதோ மறந்துபோனவருக்கு எடுத்துச் சொல்வது போலச் சொன்னார்: “நீங்க சொன்னதுதானுங்களே. தை மாசம் வேதாசலம் போனாரே, அவரை முன் ஹால்ல வச்சு மாலை போட்டாங்க, எல்லாரும் கும்பிட்டுட்டு மேல சாப்பிட வந்தோம். அடுத்த மீட்டிங்குல நீங்க எந்திரிச்சுச் சொன்னீங்க. பொணத்தைத் தொட்ட கையோட சாப்பாட்டு ஹாலுக்கு வர்றாங்க, இது என்ன சுடுகாடா, சுகாதாரம்னு ஒண்ணு வேண்டாமான்னு. நாங்க எல்லாம் கை தட்டுனோம். சரியாத்தான் சொல்றாருன்னு பட்டுது. அப்புறந்தான பின்லிஃப்ட்டுல எறக்கறது, ஆருகிட்டயும் சொல்றதில்லைன்னு வச்சாங்க.” கொட்டையைத் தட்டில் தள்ளி வைத்துவிட்டு, “அந்தம்மா மட்டுந்தான் கை தட்டல,” என்றார். “நான் முன்வாசல் வழியா வந்தவ, முன்வாசல் வழியாத்தான் போவேன்னு உங்களைப் பாத்துதான் சொல்லுச்சு. நீங்க கவனிக்கலைங்களாட்ட இருக்குது.”

சொன்னாளா. அவருக்கு அந்தக் கூட்டம் ஞாபகம் வந்தது. கைதட்டல் ஞாபகம் வந்தது, அன்று அது வெகுநாளைக்குப் பிறகு உடம்புக்குள் சூடாக இறங்கியது. லோகநாயகி ஏதோ பேசியதும் ஞாபகம் வந்தது, ஆனால் வார்த்தை இல்லை, வாய்தான் வந்தது, மேலுதட்டில் கேசரியின் ஒரு ரவைத் துணுக்கு. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வேளையும் அந்த அம்மாள் எதிரே வந்து உட்கார்ந்து, என்ன சார் இன்னைக்குக் கீரையில மண்ணு இருக்கா என்றுதான் கேட்டார். மாம்பழ வாசனை மூக்கில் ஏறியது. பழத்தின் வாசனை இல்லை அது, தன்னுடைய வாசனை என்று அவருக்குப் பட்டது, டெட்டால் போட்டு டெட்டால் போட்டுக் கழுவிய, உள்ளே ஒன்றுமில்லாத பாத்திரத்தின் வாசனை. லிஃப்ட்டைக் கழுவினார்களா என்று மனசு மறுபடி கேட்டது. அவர் எழுந்தார். “தாத்தா, எங்க கிளம்பிட்டீங்க, இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கு,” என்று மைக் கேட்டது. அவர் பின்பக்கப் படியில் கீழே இறங்கினார்.

உடற்பயிற்சி அறையில் சைக்கிள்களையும் ரப்பர் பந்துகளையும் ஓரம் தள்ளிவிட்டு நடுவில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தியிருந்தார்கள். ஆயா மரகதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்து எழுந்தாள். “சார், நீங்க இங்கெல்லாம் வருவீங்களா?” என்றாள். அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். பச்சைத் துணியை மாற்றி வெள்ளை போர்த்தியிருந்தது. முகத்தைத் திறந்து காட்டட்டுமா என்று கேட்டாள். அவர் ஸ்ட்ரெச்சர் பக்கம் நகர்ந்தார். திறந்தாள். தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் கட்டு, மூக்கில் பஞ்சு. வாய் மூடியிருந்தது. ஒன்றரை வருஷத்தில் அந்த வாய் மூடி அவர் பார்த்ததில்லை. சின்ன வாய்தான், சுத்தமாக இருந்தது, துடைத்துவிட்டிருந்தார்கள். அந்தச் சுத்தத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. எங்கிருந்தோ ஓர் ஈ வந்து உதட்டோரம் உட்கார்ந்தது. கையை வீசினார். பறந்து, சுற்றி, மறுபடி அங்கேயே வந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈயைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை, எங்கே முட்டை வைக்கும், எப்போது பொரியும் எல்லாம் தெரியும். தெரிந்தது அத்தனையும் வரிசையாக வந்தது. நிறுத்தச் சொன்னால் நிற்கவில்லை. கை மட்டும் வீசிக்கொண்டே இருந்தது. மேலே கூரைக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள். யாரோ ஜெயித்திருக்க வேண்டும். தோள் வலித்தபோது கையை மாற்றிக்கொண்டார்.

வண்டி வந்தது. ஜெயசீலனும் காலையில் பார்த்த அந்த இரண்டு பேரும் வந்தார்கள். ஸ்ட்ரெச்சரைத் திருப்பிப் பின்பக்க நடைக்கு நேராக வைத்தார்கள்.

“அந்தப் பக்கம் வேண்டாம்,” என்றார் பொன்னுரங்கம். “முன்வாசல் வழியாக் கொண்டு போங்க.”

ஜெயசீலன் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தான். “சார், ப்ரோக்ராம் முடிஞ்சு எல்லாரும் முன் ஹால்லதான் நீர்மோர் குடிச்சிட்டு இருக்காங்க. நீங்களே சொல்லுங்க, சாப்பிடற இடத்துல…”

“இருக்கட்டும்.”

“ஹைஜீன் விஷயம்னு நீங்கதான் சார்…”

“நான்தான் சொன்னேன். இப்ப வேண்டாங்கறேன்.”

அவன் கைபேசியை எடுத்தான், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் மறுபடி பைக்குள் வைத்தான். பொன்னுரங்கம் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்தார். குளிர்ந்த இரும்பு, பல கைகள் பிடித்து மழமழவென்று ஆகியிருந்தது. உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு தோள் வரைக்கும் ஏறிவரும்வரை பொறுத்துக்கொண்டு நின்று, பிறகு தள்ளினார். ஒரு சக்கரம் கோணலாக இழுத்தது. காலையில் பார்த்த பையன்களில் ஒருவன் ஓடிவந்து கால்மாட்டைப் பிடித்துக்கொண்டான்.

முன் ஹாலில் நீர்மோர் டம்ளர்களோடு நின்றவர்கள் சக்கரச் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். தொப்பிகளோடு இரண்டு பக்கமாக ஒதுங்கினார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள், சிலருக்குத் தலையில் தொப்பி இருப்பதே மறந்துபோயிருந்தது. நிவேதா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே சுவரோடு ஒட்டி நின்று அழுதாள். யாரோ மோரைக் கீழே வைக்க இடம் தேடினார்கள். மாம்பழமும் மோரும் வியர்வையும் கலந்த வாடை வந்தது, பொன்னுரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வாசற்படி அருகே பரமானந்தம் முன்னால் வந்தார். பல்செட்டை மாட்டியிருந்தார், கை கழுவியிருக்கவில்லை. குனிந்து, வெள்ளைத் துணிக்கு மேலேயே லோகநாயகியின் பாதத்தைத் தொட்டார், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். எடுத்தபோது துணியில் நான்கு விரல் மஞ்சளாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள், கழுவிய கை, கழுவாத கை. பொன்னுரங்கம் ஒவ்வொரு கையையும் பார்த்தார். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. வண்டிக்காரன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சீக்கிரம் ஆகட்டும் என்பது போல நின்றான்.

“இருப்பா,” என்றார் பொன்னுரங்கம். “இன்னும் வர்றாங்க.”